கடாரம் அறிந்த நாகைக் காரோணம்

சோழநாட்டுக் கடற்கரையில் திருக்கோயிலும் துறைமுகமும் ஒன்றையொன்று வளர்த்த ஊர் எதுவெனின், நாகப்பட்டினம் எனத் தயங்காது கூறலாம். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய நாகைக் காரோணம் இங்கேதான் உள்ளது. இறைவன் காயாரோகணேசுவரர், இறைவி நீலாயதாட்சி. திருமங்கையாழ்வார் பாடிய சௌந்தரராசப் பெருமாள் கோயிலும் இவ்வூரிலேயே உண்டு. நாள்தோறும் ஒரு மீனைச் சிவபெருமானுக்கென்று கடலில் விட்ட அதிபத்த நாயனார், இங்குள்ள நுளைப்பாடியில் வாழ்ந்தவர். பொன்மீன் அகப்பட்ட நாளிலும் அவர் அந்நெறி தவறவில்லை. பொன் தேடி வணிகர் வந்த துறையில் ஒரு பரதவர் பொன்னைக் கடலுக்கே திருப்பித் தந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

மலேசியத் தமிழருக்கு இவ்வூரின்மேல் தனியுரிமை ஒன்றுண்டு. சோழர் கல்வெட்டுகள் கூறும் கடாரம் இன்றைய கெடாவே. ஸ்ரீவிசயத்தையும் கடாரத்தையும் ஆண்ட சூளாமணிவர்மன் நாகையில் புத்த விகாரம் ஒன்றை எழுப்பத் தொடங்கினான். அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அதனை முடித்துத் தந்தையின் பெயரையே சூட்டினான். சிவபாதசேகரன் எனப் பட்டம் பூண்ட முதலாம் இராசராசன், தன் 21ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006இல், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அவ்விகாரத்துக்கு அளித்தான். பெரிய கோயிலை எடுப்பித்த சைவ மன்னன் செய்த கொடை இது.

அவ்வாணை எழுதப்பெற்ற முறை அலுவலகப் பணி அறிந்தோரை வியக்க வைக்கும். பிடியானையை நடத்தி எல்லை வகுத்தனர், நிலம், நெல், வரி ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பதிந்தனர், அதிகாரிகள் ஒப்பமிட்டனர். இராசராசன் மறைந்தபின் இராசேந்திரன் அதனைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். 5 ஏடுகள் வடமொழி, 16 ஏடுகள் தமிழ். ஒல்லாந்தர் காலத்தில் கடல் கடந்து, லெய்டன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்தமையால் லெய்டன் செப்பேடுகள் எனவும் வழங்கப்படுகின்றன.

கொடை ஒருவழிப்பட்டதன்று. இராசேந்திரனின் தொடக்க ஆண்டுகளில் ஸ்ரீவிசய அரசனின் முகவர்கள் நாகைக் காரோணத்திற்கு வெள்ளித் திருமேனியும் சீனப் பொன்னும் வழங்கியதைக் கோயிற் கல்வெட்டுகள் காட்டுகின்றன. புத்தன் அடிபணிந்த அரசனின் பொன் சிவாலயத்தில் ஏற்கப்பட்டது. அந்நட்பு நிலைக்கவில்லை. 1025இல் சோழர் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. கடாரங்கொண்டான் என்னும் விருதைப் பெருமையோடு பேசுவோர், தாக்கப்பட்டது இன்று நாம் வாழும் மண்ணே என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். எனினும் விகாரத்தின் அறக்கொடை அழிக்கப்படவில்லை. 1090இல் கடாரத்தரசன் தூதர் வேண்ட, முதலாம் குலோத்துங்கன் விகாரத்து ஊர்களுக்கு வரிநீக்கம் தந்து, அதனையும் செப்பேட்டில் பதிவித்தான்.

பின்னர்ப் போர்த்துக்கீசியர் வந்தனர். 1658இல் ஒல்லாந்தரும் 1781இல் ஆங்கிலேயரும் ஊரைக் கைக்கொண்டனர். விகாரத்தோடு தொடர்புடையதெனக் கருதப்பட்ட பழைய செங்கற்கோபுரம் ஒன்று, கடலோடிகளுக்கு அடையாளமாய் நெடுங்காலம் நின்றது. 1846இல் சர் வால்டர் எலியட் கண்டபோது மூன்று நிலைகள் எஞ்சியிருந்தன. 1867இல் அதனை இடிக்க அன்றைய சென்னை அரசு இசைந்தது. ஒப்புதலுக்கு ஒரு கோப்பே போதுமானதாயிற்று. அப்பகுதி மண்ணிலிருந்து 1856 முதல் கிடைத்த புத்தத் திருமேனிகள் 300க்கு மேற்பட்டவை. அவற்றுட் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழரை ஏற்றிய கப்பல்கள் இதே நாகைத் துறையிலிருந்தும் புறப்பட்டன. பிற்காலத்தில் ரஜூலா கப்பலும் சென்னையிலிருந்து நாகை வழியே பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் (1972 முதல் போர்ட் கிள்ளான்) வந்தது. 1867க்கு முன் கப்பலேறியோர் கரை மறையும்வரை அக்கோபுரத்தைக் கண்டிருப்பர். தாம் போகும் நாட்டிலிருந்து அதே துறைக்கு ஒருகாலத்தில் பொன் வந்தது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் கப்பலில் எவரும் இருந்திரார்.