கோர்வை அறுந்த ஆட்டம்
இந்தியக் கால்பந்தின் கீழ்ப்பிரிவுகள் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று பொறுப்பாளர்கள் கேட்டபோது, சங்கப் பாடல் ஒன்றையோ கச்சித் தலபுராணப் பகுதி ஒன்றையோ நான் எடுத்துக்கொள்வேன் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். கால்பந்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்றவுடன் எதிரில் இருந்த மூத்த கவிஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவருக்கு இங்கே ஒரு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

பந்து தமிழ் இலக்கியத்திற்குப் புதுமையானதன்று. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் கந்துகவரி இடம்பெறுகிறது. கொங்குவேளிரின் பெருங்கதை மகளிர் பந்தாட்டத்திற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளது. ஆயினும் ஆட்டத்தின் அழகைப் பாடுவது என் நோக்கமில்லை. கோப்பையை ஏந்தி நிற்கும் அணிகளைப் பற்றி நாளேடுகள் எழுதுகின்றன. அவற்றுக்குக் கீழே, இரண்டாம் பிரிவிலும் மூன்றாம் பிரிவிலும், பார்ப்பாரின்றி ஆடிக்கொண்டிருக்கும் அணிகளின் வரலாறே என்னை ஈர்த்தது. அவ்வரலாற்றில் நம் போன்ற சிறு வட்டங்களுக்கும் ஒரு செய்தி உண்டு என்பது என் துணிபு.

1. ஏற்றமும் இறக்கமும்

இங்கிலாந்தில் 1888ஆம் ஆண்டு பன்னிரண்டு கழகங்களைக் கொண்டு முதல் கால்பந்து லீக் தொடங்கியது. நான்கே ஆண்டுகளில், 1892இல், அதற்குக் கீழே இரண்டாம் பிரிவு ஒன்று தோன்றியது. மேற்பிரிவின் கடைசி அணிகள் கீழிறங்குவதும் கீழ்ப்பிரிவின் முதல் அணிகள் மேலேறுவதும் தொடக்கத்தில் தேர்வு ஆட்டங்களைப் பொறுத்திருந்தன. 1898 முதல் தரவரிசைப்படியே அவை தாமாக நிகழும் விதி வந்தது. எளிய விதிதான். ஆனால் அதன் பொருள் பெரிது. எங்கோ ஒரு சுரங்க ஊரின் சிறு கழகம், தொடர்ந்து வென்றால், தலைநகரின் பெருங்கழகத்தோடு மோதும் நாள் வரும். எவ்வளவு பெரிய கழகமும் தொடர்ந்து தோற்றால் தன் இடத்தை இழக்கும். பிறப்பால் எந்த இடமும் எவர்க்கும் உரியதாகாது.

அதே 1898இல் கல்கத்தா லீக் தொடங்கியது. ஆங்கிலேயப் படையணிகளும் ஐரோப்பியக் கழகங்களும் ஆண்ட களம் அது. 1911இல் மோகன் பகான் அணி, பெரும்பாலும் வெறுங்காலுடன், கிழக்கு யார்க்ஷயர் படையணியை 2-1 என வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பெற்றதை நம்மில் பலர் அறிவோம். அதனினும் என் பொருளுக்கு நெருங்கியது 1934ஆம் ஆண்டின் நிகழ்ச்சி. முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி, முதற்பிரிவில் ஆடிய முதல் ஆண்டிலேயே வாகை சூடியது. கல்கத்தா லீகை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுவே. 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் அவ்விடத்தை அது விட்டுக்கொடுக்கவில்லை. கீழ்ப்பிரிவு என்னும் வாயில் திறந்திருந்தமையால் நேர்ந்த வரலாறு இது.

நம் ஊரார்க்கு இதை விளக்க வேறு உவமை தேடவேண்டியதில்லை. பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் கோர்வைப் புடவை நெய்வதைக் கண்டிருப்பீர்கள். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரு நாடாக்கள். ஒவ்வோர் ஊடை ஓட்டத்திலும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளவேண்டும். பக்கத்தில் ஒருவர் துணையிருந்தாலன்றி அது நடவாது. நேரமும் கூலியும் மிகும். ஆயினும் புடவை நைந்தாலும் கரை பிரியாது என்று நம் ஊரில் பெருமையாகச் சொல்வதற்கு அந்தக் கோர்வையே காரணம். ஏற்றமும் இறக்கமும் ஒரு நாட்டின் கால்பந்துக்குக் கோர்வை போன்றவை. இந்தியக் கால்பந்து அந்தக் கோர்வையை எவ்வாறு நெய்தது, எங்கே அறுத்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

2. வேலை என்னும் ஏணி

சென்னையில் லீக் ஆட்டங்கள் சீனியர் டிவிஷனில் தொடங்கிக் கீழ்ப்பிரிவுகள் பலவாக நடந்துவந்துள்ளன. அவற்றின் பழைய அணிப் பெயர்களைப் படித்தால் ஓர் அலுவலகக் கையேட்டைப் படிப்பது போலிருக்கும். தெற்கு ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எப்., சுங்கத்துறை, ரிசர்வ் வங்கி, கணக்காயர் அலுவலகம், இந்தியன் வங்கி, விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை. ஆட்டக்காரருக்குச் சம்பளம் ஆட்டத்திற்கென்று தரப்படவில்லை. எழுத்தர் வேலையோ பணிமனை வேலையோ தரப்பட்டது. காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம், மாலையில் ஆட்டம். தொழில்முறை என்ற சொல் வாராமலே ஒரு தொழில்முறை அங்கே வளர்ந்தது.

படைப்பிரிவுகளும் இவ்வாறே ஏணியாயின. நீலகிரி வெலிங்டனில் உள்ள சென்னைப் படைப்பிரிவு மையத்தின் அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. அவ்வணியின் காவலர் பீட்டர் தங்கராஜ் 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக்குகளில் இந்தியாவுக்காக ஆடினார். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். 1977இல் முதன்முதலாக நடந்த பெடரேஷன் கோப்பையில் மோகன் பகானை வீழ்த்தியது பெங்களூர் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையின் அணி.

இந்த ஏற்பாட்டின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. மேலதிகாரியின் விருப்பம் மாறினால் அணி கலையும். வேலை கிடைத்தபின் ஆட்டம் தளர்வதும் உண்டு. ஆயினும் கீழ்ப்பிரிவில் ஆடிய ஏழை இளைஞனுக்கு அது தந்த உறுதி எளிதன்று. முழங்கால் முறிந்தாலும் மாதச் சம்பளம் நிற்காது. வடசென்னையின் வியாசர்பாடியில் தெருவுக்குத் தெரு பந்து உருண்டதற்கு, அருகிருந்த ரயில்வேப் பணிமனைகளும் தொழிற்சாலைகளும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். 1990களுக்குப்பின் பொதுத்துறையில் விளையாட்டு வழி ஆள்சேர்ப்பு சுருங்கியபோது, அந்த ஏணியின் அடிப்படிகளே முதலில் கழன்றன.

3. தேசிய லீகும் அதன் இரண்டாம் பிரிவும்

1996ஆம் ஆண்டின் இறுதியில் தேசியக் கால்பந்து லீக் தொடங்கியது. முதல் பருவத்தின் வாகையைப் பஞ்சாபின் பக்வாராவைச் சேர்ந்த ஜே.சி.டி. ஆலை அணி பெற்றது. அடுத்த பருவத்தில் இரண்டாம் பிரிவும் சேர்ந்தது. தேசிய அளவில் ஏறவும் இறங்கவும் ஒரு வழி முதன்முறையாக அமைந்தது அப்போதுதான். சென்னை இந்தியன் வங்கி அணியும் மேற்பிரிவில் ஆடியிருக்கிறது. 1997-98 பருவத்தில் அந்த லீகில் மிகுதியான கோல்களை அடித்தவர் தமிழகத்தின் ராமன் விஜயன். ஆனால் அவர் அப்போது ஆடியது கேரளத்தின் எப்.சி. கொச்சின் அணிக்கு. நம் மண்ணின் ஆட்டக்காரருக்கு நம் மண்ணில் அணியில்லை என்ற பழைய துயரம் அன்றே தொடங்கிவிட்டது.

2007இல் தேசிய லீக் ஐ-லீக் என்று பெயர் மாறியது. மறு ஆண்டு அதன் இரண்டாம் பிரிவும் வந்தது. இதன் ஆற்றலை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மிசோரம் மாநிலத்து ஐஸ்வால் கழகம் இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி 2015-16இல் ஐ-லீகில் ஆடியது. எட்டாம் இடம் பெற்று இறக்கத்திற்குள்ளாகி, பிறகு மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. அடுத்த பருவத்தில், 2017 ஏப்ரல் 30 அன்று, அதே கழகம் இந்தியாவின் வாகையர் ஆயிற்று. மலைநாட்டின் ஒரு சிறு கழகம் கொல்கத்தாவின் பெருங்கழகங்களைப் பின்தள்ளியதை நாடே வியந்து பார்த்தது.

எனினும் இவ்வமைப்பு வறுமையில் நடந்தது என்பதும் உண்மை. காஷ்மீரிலிருந்து கோவாவுக்கும் மணிப்பூரிலிருந்து கோவைக்கும் சென்று ஆடும் செலவைச் சிறு கழகம் எப்படித் தாங்கும்? சிறு கழகம் இருக்கட்டும். 2005-06இல் வாகை சூடிய மகிந்திரா யுனைடெட் 2010இல் கலைந்தது. முதல் வாகையரான ஜே.சி.டி. 2011இல் கலைந்தது.

4. அடைபட்ட வாயில்

இந்தச் சோர்வின் நடுவே 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒரு வணிகக் கூட்டாளியோடு 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் விளைவாக 2014 அக்டோபர் 12 அன்று எட்டு அணிகளோடு இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. விலை கொடுத்து இடம் பெற்ற அணிகள் அவை. அங்கே ஏற்றமில்லை, இறக்கமுமில்லை. முதலீட்டாளருக்கு உறுதி வேண்டும், இறங்கிவிடுவோம் என்ற அச்சமிருந்தால் பணம் வராது என்பது அதன் நியாயம். அதைப் பொருளற்றதென்று தள்ளிவிட முடியாது. அரங்குகள் நிறைந்தன. ஆட்டக்காரர் ஊதியம் உயர்ந்தது. சென்னையின் எப்.சி. அணி 2015இலும் 2017-18இலும் கோப்பை வென்றபோது தமிழ் இளைஞர் பலர் முதன்முறையாகத் தம் ஊர்ப் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தனர்.

ஆனால் அதே ஆண்டுகளில் ஐ-லீக் மெல்லமெல்லக் கீழே தள்ளப்பட்டது. 2019-20 முதல் அது நாட்டின் இரண்டாம் தரமாயிற்று. ஆட்டத்தில் தோற்று இறங்கியதன்று, ஏட்டில் எழுதி இறக்கப்பட்டது. இதன் கொடுமையை நம் மாநிலத்தின் கதை ஒன்றே போதிய அளவு காட்டும்.

சென்னை சிட்டி கழகம் 2016-17 பருவத்தில் ஐ-லீகுக்குள் நேரடியாகச் சேர்க்கப்பட்டது. அடுத்த பருவத்தில் கோவை நேரு விளையாட்டரங்கைத் தன் களமாக்கிக்கொண்டது. கன்னியாகுமரிக் கடற்கரையின் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் 2017-18இல் ஐ-லீகின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது இவ்வணியில் ஆடித்தான். 2019 மார்ச் 9 அன்று கோவையில் கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாப் அணி தொடக்கத்திலேயே ஒரு கோல் அடித்தது. இடைவேளைக்குப்பின் பெத்ரோ மான்சி ஒன்று, கௌரவ் போரா இரண்டு. 3-1. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளி, சென்னை சிட்டி 43 புள்ளி. தமிழகத்திற்கு ஐ-லீக் வாகை வந்தது.

அந்த வாகையால் அவ்வணி எங்கே ஏறியது? ஏறுவதற்கு மேலே வழியில்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் அவ்வாண்டு அதில் பங்கு வாங்கியது. இரண்டே பருவங்கள் கழிந்தன. 2021-22 ஐ-லீகின் அணிப் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயர் இல்லை. கீழிருந்து ஏறி வந்த கழகமாக இருந்தால், வீழ்ந்தபோதும் ஒரு கீழ்ப்பிரிவில் அதற்கு ஓரிடம் காத்திருந்திருக்கும். கோர்வையில்லாமல் ஒட்டிய கரை, பிரிந்தபோது முழுதாகவே பிரிந்தது.

5. பாதி திறந்த வாயில்

2022-23இல் ஐ-லீகை வென்ற பஞ்சாப் அணி சூப்பர் லீகுக்கு ஏறியது. ஒன்பது பருவங்கள் அடைபட்டிருந்த வாயில் திறந்தது. அடுத்த ஆண்டு ஏறிய கழகம் முகமதன் ஸ்போர்ட்டிங். 1934இல் கல்கத்தாவில் இரண்டாம் பிரிவிலிருந்து வந்து வரலாறு படைத்த அதே கழகம், தொண்ணூறு ஆண்டுகளுக்குப்பின் 2024இல் மீண்டும் ஒரு படி ஏறிற்று. 2023இல் ஐ-லீகுக்குக் கீழே மூன்றாம் பிரிவும் தொடங்கியிருந்தது.

ஆயினும் வாயில் பாதியே திறந்தது. 2024-25 பருவம் முடியும்வரை சூப்பர் லீகிலிருந்து எவ்வணியும் இறக்கப்படவில்லை. அப்பருவத்து ஐ-லீக் வாகையையோ களம் முடிவு செய்யவில்லை. கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் அணிக்குக் கோப்பை வழங்கப்பட்டபின், வழக்கு லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் வரை சென்று, 2025 ஜூலையில் இன்டர் காசி அணியே வாகையர் எனத் தீர்ப்பாயிற்று. அதே மாதம், வணிக ஒப்பந்தம் முடியும் தறுவாயில், அடுத்த பருவ சூப்பர் லீக் நிறுத்திவைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. மேலே மட்டும் பொன்னிழை ஓட்டிய துணியின் நிலை அன்று எல்லோர்க்கும் தெரிந்தது.

மகளிர் கால்பந்தில் இப்படிகள் இன்னும் காலந்தாழ்ந்தே வந்தன. இந்திய மகளிர் லீக் 2017இல்தான் தொடங்கியது. அதன் இரண்டாம் பிரிவு 2023-24இல் வந்தது. அவ்வளவு குறைந்த படிகளிலும் தமிழகத்தின் சேது கழகம் 2019இல் அந்த லீகை வென்றது. 2018இலும் 2023இலும் தேசிய மகளிர் வாகையைத் தமிழ்நாட்டு அணி கொணர்ந்தது. படி அமைத்தால் ஏற ஆளில்லை என்று இனி எவரும் சொல்லவியலாது.

6. நமக்குரிய பாடம்

இந்நெடுங்கதையிலிருந்து நான் பெறும் முடிவு ஒன்றே. கீழ்ப்பிரிவு என்பது தோற்றவர் தங்குமிடம் என்று கருதுவது பிழை. ஒரு கலையோ விளையாட்டோ தன் அடுத்த தலைமுறையைப் பெற்றெடுக்கும் இடம் அது. அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டா. ஒரு திடல், ஒரு பட்டியல், தவறாது நடக்கும் ஆட்டநாள், வென்றால் மேலே ஓரிடம் உண்டு என்ற மாறாத வாக்கு ஆகிய நான்கும் வேண்டும். இவற்றுள் கடைசியானதைத்தான் நம் நாடு அடிக்கடி முறித்திருக்கிறது.

நம் வட்டத்தின் முதற் கூட்டத்தில் ஒன்பது பேர் இருந்தோம். மழைநாள் ஒன்றில் நால்வர். அந்த நால்வர் முன் தன் முதற் கவிதையை நடுங்கும் குரலில் படித்த நெசவாளர் வீட்டு இளைஞர், இன்று இம்மலரின் ஆசிரியர் குழுவில் இருக்கிறார். அன்று கூட்டத்தை ஒத்திவைத்திருந்தால் அவர் எங்கே படித்திருப்பார் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

வேகவதியின் வறண்ட மணலில், இரு செருப்புகளைக் கோல்கம்பமாக வைத்து மாலைதோறும் சிறுவர் பந்தாடுகின்றனர். அவர்களுள் ஒருவனுக்கு நல்ல கால் வாய்த்திருந்தால், அவன் அடுத்து எந்தப் படியில் கால் வைப்பான் என்பதற்கு மாவட்டத்திலிருந்து மாநிலத்திற்கும், மாநிலத்திலிருந்து நாட்டிற்கும் அறுபடாத விடை இருக்கவேண்டும். அந்த விடையைக் கேட்கும் உரிமை, நால்வர் கூடிய நாளிலும் கூட்டம் நடத்திய நமக்கு நிறையவே உண்டு.