இரட்டைப் பெயர்

சினிமாப் பாட்டைப் பற்றிச் சிறுபத்திரிகையில் எழுதுவது நம்மில் சிலருக்குக் கௌரவக் குறைவு. 1963ல் வந்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’ பாட்டை அப்படி ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

ஸ்ரீதரின் படத்துக்கும் அதே பெயர்தான். ஜமீன் வீட்டுப் பிள்ளை, ஏழைப் பெண், கொலை, மறுபிறவி. கல்யாண்குமாரும் தேவிகாவும் இரண்டு பிறவிகளிலும் வருகிறார்கள். நம்பியார் சாகாமல் கிழடு தட்டிக் காத்திருக்கிறார். கதை தன் மர்மத்தைத் தானே விளக்கித் தீர்த்துவிடுகிறது. பாட்டு எதையும் விளக்குவதில்லை. கண்ணதாசனின் சொற்கள் எளியவை. பி.பி. ஸ்ரீநிவாஸும் பி. சுசீலாவும் பாடும்போது, அந்த நினைவு எந்தப் பிறவியுடையது, யாருடையது என்பது பிடிபடாமலே நிற்கிறது. படத்தின் புதிர் அவிழ்ந்த பிறகும் பாட்டின் புதிர் மிஞ்சுவது இதனால்தான்.

இசை விஸ்வநாதன் – ராமமூர்த்தி. இருவரும் சி.ஆர். சுப்பராமன் குழுவில் இருந்தவர்கள். 1952ல் அவர் மறைந்தார். அதே வருஷம் ‘பணம்’ படத்தில் இவர்கள் இரட்டைப் பெயரானார்கள். ராமமூர்த்தி வயலின் வித்வான், 1922ல் பிறந்தவர். விஸ்வநாதன் ஆறு வயது இளையவர். மூத்தவர் பெயர் பின்னால் நின்றது. 1965ல், ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு பிரிந்தார்கள். 1995ல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள்.

பிரிவின் காரணம் பற்றிய வம்பு எனக்கு முக்கியமில்லை. பிரிவு நம் காதுகளை என்ன செய்தது என்பதே விஷயம். இங்கே அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்துக்கு ஷிப்டு போகிறவர்கள் இந்தப் பாட்டைக் கைப்பேசியில் கேட்கிறார்கள். யார் பாட்டு என்றால், ‘எம்.எஸ்.வி. பாட்டு’ என்கிறார்கள். பிரிந்தபின் விஸ்வநாதனுக்குப் படங்கள் குவிந்தன. ராமமூர்த்திக்குச் சிலவே கிடைத்தன. பின்னால் வந்த புகழ் முன்னால் இருந்த கூட்டையும் விழுங்கிவிட்டது. விஷயம் தெரிந்தவர்களோ, மெட்டு இவருடையது, வயலின் அவருடையது என்று பாகப்பிரிவினை செய்கிறார்கள். இரண்டும் ஒரே ரஸனைக் குறைதான். கலைக்கு ஒரே ஒரு தகப்பன்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம். பதின்மூன்று வருஷம் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்தவர்களின் சிருஷ்டியில் கோடு கிழிக்க நாம் யார்?

2021ல் செல்வராகவன் தன் பேய்ப்படத்துக்கு இதே தலைப்பை எடுத்துக்கொண்டார். தலைப்பு புதிய ஆட்களிடம் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கிறது. ராமமூர்த்தி 2013லும் விஸ்வநாதன் 2015லும் மறைந்தார்கள். மறதியே இல்லாத காதலைப் பாடும் பாட்டை, செய்தவர்களில் ஒருவரை மறந்துவிட்டு நாம் முணுமுணுக்கிறோம்.