சொத்து விற்பனை வரி: 12.5 சதவீதமா, 20 சதவீதமா? நில முதலீட்டாளர்களைப் பாதிக்கும் விவாதத்தின் பின்னணி

நிலம், வீடு ஆகியவற்றை விற்கும்போது கிடைக்கும் லாபத்துக்கு விதிக்கப்படும் நீண்டகால மூலதன ஆதாய வரி, 2024-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி தாக்கல் செய்யப்பட்ட மத்திய பட்ஜெட்டில் மாற்றியமைக்கப்பட்டது. வரி விகிதம் 20 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால், வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடும் 'இண்டெக்ஸேஷன்' சலுகையும் அத்துடன் நீக்கப்பட்டது. விகிதக் குறைப்பைவிட இந்த நீக்கமே பெரிதாகப் பேசப்பட்டது.

மாநில அரசுகள் வசூலிக்கும் நிலவரிக்கும், உள்ளாட்சி அமைப்புகளின் சொத்து வரிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது வருமான வரிச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு விதிப்பது. 24 மாதங்களுக்கு மேல் கைவசம் இருந்த சொத்தை விற்றால் மட்டுமே நீண்டகால ஆதாயமாகக் கருதப்படும். அதற்குள் விற்றால் லாபம் மற்ற வருமானத்துடன் சேர்க்கப்பட்டு வழக்கமான விகிதத்தில் வரி விதிக்கப்படும்.

கணக்கைப் பார்த்தால் சர்ச்சை புரியும். 2010-11 நிதியாண்டில் 20 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய மனை, 2024-25-இல் 60 லட்சம் ரூபாய்க்கு விற்கப்படுவதாகக் கொள்வோம். விலைக் குறியீடு இந்தக் காலத்தில் 167-இலிருந்து 363-ஆக உயர்ந்ததால், பழைய முறையில் வாங்கிய விலை சுமார் 43.47 லட்சமாகக் கொள்ளப்படும். மீதமுள்ள 16.53 லட்சத்துக்கு 20 சதவீத வரி ஏறத்தாழ 3.31 லட்சம். புதிய முறையில் முழு லாபமான 40 லட்சத்துக்கும் 12.5 சதவீதம், அதாவது 5 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும். விகிதம் குறைந்தும் வரி கூடியது இப்படித்தான்.

அதே மனை 1.20 கோடி ரூபாய்க்கு விலைபோனால் நிலைமை தலைகீழாகும். பழைய முறையில் சுமார் 15.31 லட்சம், புதிய முறையில் 12.50 லட்சம். இந்த எடுத்துக்காட்டில் இரண்டும் சமமாகும் இடம் ஏறத்தாழ 82.6 லட்சம்; அதாவது ஆண்டுக்கு 10 முதல் 11 சதவீத விலை உயர்வு. அதைவிட வேகமாக விலை ஏறிய இடங்களில் முதலீடு செய்தோருக்குப் புதிய முறை லாபம். விலை மெதுவாக உயர்ந்த பகுதிகளில் பல ஆண்டுகள் காத்திருந்தோருக்கு நஷ்டம்.

மனை, வீடு ஆகியவற்றின் விலை பொதுவாக ஆண்டுக்கு 12 முதல் 16 சதவீதம் வரை உயர்வதாகவும், பணவீக்கச் சரிக்கட்டல் 4 முதல் 5 சதவீதமே என்பதால் பெரும்பாலானோர் பயனடைவர் என்றும் வருமான வரித் துறை விளக்கம் அளித்தது. கணக்கீடு எளிதாகும் என்பது அரசின் மற்றொரு வாதம். எல்லா ஊர்களிலும் மனை விலை அந்த வேகத்தில் ஏறுவதில்லை என்பதே விமர்சகர்களின் பதில். அது வலுவான பதில்தான். பழைய முறையும் பணவீக்கத்தை முழுமையாக ஈடுசெய்ததில்லை. நுகர்வோர் விலை உயர்வில் 75 சதவீதமே குறியீட்டில் சேர்க்கப்பட்டு வந்தது.

எதிர்ப்பைத் தொடர்ந்து நிதி மசோதாவில் திருத்தம் கொண்டுவரப்பட்டு, ஆகஸ்ட் 7-ஆம் தேதி மக்களவையில் நிறைவேறியது. இதன்படி, 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம் அல்லது கட்டடத்தை விற்கும் தனிநபர்களும் இந்து கூட்டுக் குடும்பங்களும் இரு முறைகளிலும் வரியைக் கணக்கிட்டு, குறைவானதைச் செலுத்தலாம். ஆனால் அவர்கள் இந்தியாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். வரிக் கணக்கில் 'வெளிநாடுவாழ்' நிலையில் உள்ளவர்களுக்கும், நிறுவனங்களுக்கும் இந்தத் தெரிவு இல்லை.

இதில் பலர் கவனிக்கத் தவறும் வரம்பு ஒன்று உண்டு. மேற்கண்ட மனை 40 லட்சத்துக்கே விற்றால், பழைய கணக்கில் நஷ்டம் என்பதால் வரி இருக்காது. ஆயினும் அந்த நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் சென்று வேறு ஆதாயத்தில் கழிக்க முடியாது. திருத்தம் வரியைக் குறைக்கிறதே தவிர, பழைய முறையை முழுமையாகத் திரும்பத் தரவில்லை.

2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்துகளுக்கு, அந்தத் தேதியின் நியாயமான சந்தை மதிப்பை வாங்கிய விலையாகக் கொள்ளும் வசதி தொடர்கிறது. ஆனால் அது முத்திரைத் தீர்வை மதிப்பைத் தாண்டக் கூடாது. விற்ற வீட்டின் ஆதாயத்தைக் கொண்டு வேறு வீடு வாங்குவோருக்கான விலக்கும் நீடிக்கிறது. அதன் உச்சவரம்பு 10 கோடி ரூபாய். 2024 ஜூலை 23 அன்றோ அதற்குப் பின்னரோ சொத்து வாங்கியவர்களுக்கு 12.5 சதவீத முறை மட்டுமே பொருந்தும்.