ஐஸ்கிரீம் தலைவலி: ஒரு குட்டி வரலாறு

மே மாத வெயில், கையில் கோன் ஐஸ். உருகி வழிவதற்குள் அவசரமாக ஒரு பெரிய கடி... அடுத்த சில நொடிகளில் நெற்றியில் ஊசி ஏற்றியது போல சுரீர் என்று ஒரு வலி! தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், என்ன ஆயிற்று என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பதற்குள் வலி போயே போய்விடும்.

இந்தச் சில நொடி வலிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் மருத்துவர்கள் வருகிறார்கள், ஒரு பெரிய கம்பெனி வருகிறது, ஒரு பள்ளி மாணவியும் வருகிறாள்.

முதலில் காரணம். குளிர்ச்சி படுவது மேல்வாயில். அங்கே இருக்கும் ரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கி, பிறகு விரிகின்றன. அந்தச் சேதியைக் கொண்டுபோகும் ட்ரைஜெமினல் நரம்புதான் நெற்றியின் உணர்வையும் சுமக்கிறது. அதனால் மூளை இடம் மாறிப் புரிந்துகொள்கிறது. அடி விழுவது வாயில், வலிப்பது நெற்றியில்!

1968ல் ஆர்.ஓ.ஸ்மித் என்பவர் இதை ஆராய்ந்து எழுதினார். சோதனை எலி அவரேதான். நொறுக்கிய ஐஸை மேல்வாயில் வைத்து வலியை வரவழைத்துப் பார்த்தார். வெயில் காலத்தில்தான் இந்த வலி வரும், குளிர் காலத்தில் வராது என்பது அவர் கண்ட முடிவு.

அடுத்து வந்த கேள்வி கொஞ்சம் சீரியஸானது. மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் ஐஸ்கிரீமையே விட்டுவிட வேண்டுமா? 1976ல் வந்த ஓர் ஆய்வில், மைக்ரேன் உள்ளவர்களில் 93 சதவீதம் பேருக்கு ஐஸ்கிரீம் தலைவலி வந்திருந்தது. மற்றவர்களில் 31 சதவீதம்தான். பயமாகத்தான் இருந்தது. ஆனால் 1992ல் வந்த இன்னொரு ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொன்னது! 1997ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய டாக்டர் ஜோசப் ஹுலிஹன், இதற்காக யாரும் ஐஸ்கிரீமை விட வேண்டியதில்லை என்று முடித்தார்.

இதற்கிடையில் வியாபாரமும் புகுந்துவிட்டது. ஸ்லர்பீ என்ற ஐஸ் பானத்தை விற்கும் அமெரிக்காவின் செவன் இலெவன் கம்பெனி, 1994ல் 'பிரெயின் ஃப்ரீஸ்' என்ற பெயரை டிரேட்மார்க் ஆக்கியது. தன் பொருளைக் குடித்தால் வரும் வலியையே விளம்பரமாக்கிய சாமர்த்தியம்!

அப்போதும் ஸ்மித்தின் வெயில் கால முடிவு அப்படியேதான் நின்றது. அதை உடைத்தது ஒரு பள்ளி மாணவி. கனடாவின் ஹாமில்டன் நகரைச் சேர்ந்த மாயா கச்சரோவ்ஸ்கி, மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தன் அப்பாவோடு சேர்ந்து, தன் பள்ளியில் 145 மாணவர்களிடம் இதைச் சோதித்தாள். அதுவும் குளிர் காலத்தில். ஆளுக்கு 100 மில்லி ஐஸ்கிரீம். ஒரு குழு 5 நொடிக்குள் விழுங்க வேண்டும், இன்னொரு குழு 30 நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிட வேண்டும். வேகமாகத் தின்ற 73 பேரில் 20 பேருக்குத் தலைவலி வந்தது. மெதுவாகத் தின்ற 72 பேரில் 9 பேருக்கு. அதாவது 27 சதவீதத்துக்கு எதிராக 13 சதவீதம். வலி வந்தவர்களில் பாதிக்கு மேல் 10 நொடிகூட அது நீடிக்கவில்லை. 2002ல் அதே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வெளியானது. குளிர் காலத்திலும் வலி வரும், வேகம்தான் வம்பு என்று தெரிந்தது.

விளையாட்டு போலத் தெரியும் இந்த ஆராய்ச்சியால் என்ன லாபம்? மைக்ரேன் எப்போது வரும் என்று மருத்துவர்கள் காத்திருக்க வேண்டும். இந்த வலியையோ நினைத்த நேரத்தில் வரவழைக்கலாம், ஆபத்தில்லாமல் நிறுத்தலாம். 2012ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர் உட்பட ஒரு குழு, 13 பேருக்கு ஐஸ் தண்ணீரை மேல்வாயில் படும்படி ஸ்ட்ராவில் உறிஞ்சக் கொடுத்து, மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தை அளந்தது. மூளையின் முன்பக்க ரத்தக் குழாய் ஒன்று விரிந்தபோது வலி வந்தது, சுருங்கியபோது வலி போனது. மற்ற தலைவலிகளிலும் இப்படி நடக்கிறதா என்ற கேள்விக்கு இது ஒரு வழி காட்டியது.

வருடக்கணக்கில் தலைவலியோடு வாழ்பவர்களுக்கு, சின்னப் பிள்ளைகள் தின்ற அந்த 100 மில்லி ஐஸ்கிரீம் சாதாரண விஷயமில்லை. மற்றவர்களுக்கு மருந்து ரொம்ப சுலபம்... மெதுவாகச் சாப்பிடுங்கள்! மீறி வலி வந்தால் நாக்கை மேல்வாயில் அழுத்திச் சூடேற்றுங்கள்.