ஓய்வு வயதும் அரசுக் கருவூலமும்: சித்தூர், திருப்பதிப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பொருள் வரும் வழியை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததைப் பகுத்தளித்தல் என்னும் நான்கையும் வள்ளுவர் இறைமாட்சி அதிகாரத்தில் அரசின் கடமைகளாகக் கூறுவார். இவற்றுள் பகுத்தளித்தலே இக்கால அரசுகளுக்குப் பெருஞ்சிக்கலாக உள்ளது. வருவாய் குறைந்து செலவு மிகும்போது அரசின் பார்வை ஊழியர் ஊதியத்தின்மீது விழுகிறது. ஆயினும் ஊழியரை நேரடியாக நீக்குவது சட்டத்தாலும் அரசியலாலும் எளிதன்று. எனவே பணியிடத்தை ஒழித்தல், ஓய்வு வயதை மாற்றுதல், காலியிடங்களை நிரப்பாதிருத்தல் ஆகிய மறைமுக வழிகள் கையாளப்படுகின்றன. இவ்வழிகள் 1980க்குப் பின் சித்தூர் மாவட்டத்தையும் அதனை ஒட்டிய தமிழகப் பகுதியையும் எவ்வாறு தொட்டன என்பதை ஆராய்ந்து, ஓய்வு வயது என்பது ஊழியரின் முதுமையைவிடக் கருவூலத்தின் தேவையையே பெரிதும் சார்ந்து நின்றது என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணக்கரும் பணியிடமும்

திருமலை, திருப்பதிக் கோயில் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. அவற்றுள் பலவற்றின் இறுதியில் கோயில் கணக்குத் திருநின்றவூருடையான் என்னும் பெயர் காணப்படுகிறது. இது தனியொருவர் பெயரன்று. தலைமுறை தலைமுறையாகக் கோயில் கணக்கு எழுதிய குடிக்குரிய பெயர். ஆள் மாறினும் எழுத்து மாறாமல் தொடர்ந்தது. பணியும் குடியும் பிரிக்கவியலாதவாறு இணைந்திருந்த பழைய அமைப்பிற்கு இது தக்க சான்றாகும்.

ஊர்க் கணக்கிலும் இந்நிலையே நிலவியது. சித்தூர் மாவட்டம் 1911இல் அமைக்கப்பட்டபோது அதன் பெரும்பகுதி வடஆர்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டதாகும். சென்னை மாகாணத்தின் பரம்பரைக் கிராம அலுவலர் சட்டம் (1895) கர்ணம், முன்சீப் முதலிய பதவிகளைக் குடும்ப உரிமையாக ஏற்றிருந்தது. ஆந்திர மாநிலத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கில் 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பிறப்பின் அடிப்படையில் அரசுப் பதவி வழங்குவது அரசியலமைப்புக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. பரம்பரை உரிமை இதனால் வீழ்ந்தது. பதவி மட்டும் நீடித்தது.

அதே 1960ஆம் ஆண்டு ஏப்ரலில் திருத்தணி சித்தூரிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஒரே மாவட்டத்தின் கிராம அலுவலர்கள் இரு மாநில அரசுகளின்கீழ் வந்தனர். தமிழகத்தில் 1980 நவம்பர் 14ஆம் நாள் பகுதிநேரக் கிராம அலுவலர் பணியிடங்கள் 23,010 அவசரச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. ஆந்திரத்தில் 1984 ஜனவரி 6ஆம் நாள் அதே வழி பின்பற்றப்பட்டது. எல்லையின் இருபுறமும் மூன்றாண்டு இடைவெளியில் ஒரே முடிவு நேர்ந்தது.

தமிழக வழக்கில் 1982இலும் ஆந்திர வழக்கில் 1985இலும் உச்ச நீதிமன்றம் அரசுகளின் செயலை ஏற்றது. பணியிடத்தை ஒழித்தல் ஊழியரைத் தண்டித்தல் ஆகாது. ஆகவே விசாரணையின்றி நீக்கலாகாது என்னும் அரசியலமைப்பின் 311ஆம் பிரிவின் பாதுகாப்பு அதற்குப் பொருந்தாது என்பது தமிழக வழக்கின் முடிவாகும். பணியிடம் வேறு, பணியாளர் வேறு என்னும் இப்பாகுபாடு குறிப்பிடத்தக்கது. பரம்பரை அமைப்பின் தேக்கத்தை உடைக்க இது உதவியது என்பதை மறுக்கவியலாது. அதே வேளையில், குற்றம் ஏதும் சாட்டாமலேயே ஒருவரை வெளியேற்றும் சட்டவழியும் இதனால் உறுதிப்பட்டது.

1983: ஐம்பத்தைந்தாம் அகவை

ஆந்திரத்தில் அரசு ஊழியரின் ஓய்வு வயது 1979இல் 55இலிருந்து 58ஆக உயர்த்தப்பட்டிருந்தது. 1983 ஜனவரியில் நடைபெற்ற தேர்தலில் தெலுங்கு தேசம் கட்சி வென்றது. அதன் தலைவர் என்.டி. ராமாராவ் குடிவாடா, திருப்பதி ஆகிய இரு தொகுதிகளிலும் வெற்றி பெற்று, ஜனவரி 9ஆம் நாள் முதலமைச்சரானார். பதவியேற்று ஒரு திங்கள் நிறைவதற்குள், பிப்ரவரி 8ஆம் நாள், ஓய்வு வயதை மீண்டும் 55ஆகக் குறைக்கும் ஆணை பிறந்தது. 55 அகவை நிறைந்திருந்தோர் அனைவரும் அம்மாத இறுதி நாளான 28ஆம் நாள் ஓய்வு பெறவேண்டும் என்பது ஆணை. அந்நாளில் 18,000க்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஏறத்தாழ 10,000 பொதுத்துறை ஊழியர்களும் பணியிலிருந்து வெளியேறினர்.

வேலையற்ற இளைஞர்க்கு வாய்ப்பளித்தலே அரசு கூறிய காரணம். இக்காரணத்தைப் புறந்தள்ளுதல் முறையன்று. படித்துவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருந்த இளைஞரின் துயரும் மெய்யானதே. ஆனால் இருபது நாள் அவகாசத்தில் மூன்றாண்டு ஊதியத்தை இழந்தவரின் நிலை யாது? மகளின் திருமணத்தையும் மகனின் படிப்பையும் வீட்டுக் கடனையும் 58ஐக் கணக்கிட்டே நடுத்தரக் குடும்பம் திட்டமிடும். அக்கணக்கு ஓர் ஆணையால் சிதைந்தது. தந்தை இழந்த இடத்தை மகன் பெறுவான் என்னும் உறுதியும் இல்லை.

கருவூல நோக்கில் இதன் பயன் ஐயத்திற்குரியது. ஒருவர் ஓய்வு பெற்றவுடன் பணிக்கொடை, ஓய்வூதியத் தொகுப்புத் தொகை, விடுப்பு ஊதியம் ஆகியவற்றை அரசு ஒருங்கே அளிக்கவேண்டும். அவரிடத்தில் புதியவரை நியமித்தால் அவருக்கும் ஊதியம் தரவேண்டும். நியமிக்காவிடின் சேமிப்பு உண்டு. ஆனால் இளைஞர்க்கு வேலை என்னும் நோக்கம் நிறைவேறாது. எனவே சேமிப்பும் வேலைவாய்ப்பும் ஒரே ஆணையால் ஒருங்கே கிட்டுவன அல்ல என்பது தெளிவாகும்.

இரு தீர்ப்புகள்

இவ்வாணையை எதிர்த்து ஊழியர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். வழக்கு நிலுவையில் இருக்கையில் அரசியல் நிலை மாறியது. 1984 ஆகஸ்டு 16ஆம் நாள் ராமாராவ் பதவி நீக்கப்பட்டு, நாதெண்டல பாஸ்கர ராவ் முதலமைச்சரானார். ஒரு திங்களே நீடித்த அவ்வரசு ஆகஸ்டு 23ஆம் நாள் ஓய்வு வயதை மீண்டும் 58ஆக உயர்த்தியது. ஆறாண்டுக்குள் ஓய்வு வயது மும்முறை மாறிற்று.

1985 ஜனவரி 18ஆம் நாள் கே. நாகராஜ் வழக்கில் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தீர்ப்பு வழங்கினார். ஓய்வு வயதைக் குறைக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. 55 என்பது நேர்மையற்ற வயதன்று. முடிவு விரைந்து எடுக்கப்பட்டது என்பதனாலேயே அது தவறாகாது என்பன தீர்ப்பின் சாரம். குறைப்புச் செல்லும் எனத் தீர்ப்பு வந்தபோது, நடைமுறையில் இருந்த வயதோ 58 ஆகும்.

இடைப்பட்ட காலத்தில், அதாவது 28.2.1983க்கும் 23.8.1984க்கும் இடையில் ஓய்வுபெற்றோர் புதிய உயர்வின் பயனிலிருந்து விலக்கப்பட்டனர். இதனை எதிர்த்த பி. பிரபாகர ராவ் வழக்கில், 1985இல் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி உள்ளிட்ட அமர்வு ஊழியர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 58 நிறையாதோரை மீண்டும் பணியில் சேர்க்கவும், நிறைந்துவிட்டோர்க்கு இழப்பை ஈடுசெய்யவும் வழி பிறந்தது. இரு தீர்ப்புகளையும் ஒருங்கு நோக்கின், வயதைக் குறைக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. ஆனால் தவறென்று தானே கைவிட்ட ஒரு முடிவின் சுமையை ஒரு பிரிவினர் மீது மட்டும் நிலைநிறுத்தும் அதிகாரம் இல்லை என்னும் நெறி புலப்படும்.

நீக்காமல் குறைத்தல்

1990களில் முறை மாறியது. ஆந்திர அரசு 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி முறைசாரா நியமனங்களைத் தடுத்தது. சித்தூர் மாவட்டத்து நாராவாரிப்பள்ளியில் பிறந்த நா. சந்திரபாபு நாயுடு 1995 செப்டம்பரில் முதலமைச்சரானார். 1998இல் உலக வங்கியின் கடனுதவியோடு மாநிலப் பொருளாதார மறுசீரமைப்புத் திட்டம் தொடங்கியது. பொதுத்துறை நிறுவனங்களில் விருப்ப ஓய்வுத் திட்டம் செயற்படுத்தப்பட்டது.

அண்டைத் தமிழகத்தில் 2001 நவம்பரில் புதிய நியமனங்களுக்குத் தடை வந்தது. நிதி நெருக்கடியைக் காட்டி ஓய்வூதியப் பலன்கள் குறைக்கப்பட்டதை எதிர்த்து 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் நடைபெற்றபோது, ஏறத்தாழ 1,70,000 ஊழியர்கள் பணி நீக்கப்பட்டனர். வேலைநிறுத்தம் செய்வது அடிப்படை உரிமையன்று என உச்ச நீதிமன்றம் ஆகஸ்டு 6ஆம் நாள் கூறியது. மன்னிப்பும் உறுதிமொழியும் பெற்றுப் பெரும்பாலோர் மீண்டும் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டு ஏப்ரல் முதல் தமிழகத்திலும், 2004 செப்டம்பர் முதல் ஆந்திரத்திலும் புதிதாகச் சேர்வோர்க்குப் பங்களிப்பு ஓய்வூதியமே என்றாயிற்று. பணியில் இருப்போரின் எதிர்ப்பு மிகாதவாறு, இனி வருவோரின் உரிமை குறைக்கப்பட்டது.

வயது மீண்டும் உயர்தல்

மாநிலப் பிரிவினையின்போது, 2014 ஜூனில், ஆந்திரம் ஓய்வு வயதை 60 ஆக்கியது. 2022 ஜனவரியில் 62 ஆக்கியது. தமிழகம் 2020 மே மாதத்தில், பெருந்தொற்றின் நெருக்கடியில், 58ஐ 59 ஆக்கியது. 2021இல் 60 ஆக்கியது. ஓய்வு வயதை உயர்த்தினால் அவ்வாண்டில் அளிக்கவேண்டிய பணிக்கொடை முதலியன தள்ளிப்போகும்; நெருக்கடியிலுள்ள கருவூலத்திற்கு இது மூச்சுவிடும் இடைவெளி. 1983இல் இளைஞர் பெயரால் முதியவர் வெளியேற்றப்பட்டார். 2020க்குப் பின் முதியவர் நிறுத்திவைக்கப்பட, இளைஞரின் காத்திருப்பு நீண்டது. இரு காலத்தும் ஊழியரின் உடல்வலிமையோ பணித்திறனோ முதன்மை அளவுகோலாக அமையவில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால், பற்றாக்குறையை எதிர்கொள்ளும் அரசு பணியிடம், வயது, ஓய்வூதியம் ஆகிய மூன்று வாயில்களின் வழியே ஊழியச் செலவைக் கட்டுப்படுத்தி வந்துள்ளமை பெறப்படும். இம்மாற்றங்களுக்குச் சட்டத்தின் ஏற்பு பெரிதும் கிடைத்துள்ளது. ஆயினும் அரசுப் பணி என்பது எதிர்காலம் குறித்து அரசு ஊழியருக்கு அளிக்கும் ஒரு வாக்கு. அதனை மாற்ற நேரும்போது போதிய அவகாசம், வெளிப்படையான நிதிக் கணக்கு, பாதிப்புறுவோர்க்கு ஈடு ஆகிய மூன்றும் வேண்டும் என்பதே 1983 முதல் 1985 வரையான ஆந்திர நிகழ்வுகள் உணர்த்தும் பாடமாகும். திருமலைக் கல்வெட்டில் கணக்கன் பெயர் கல்லில் நின்றது. அந்நிலைபேறு இக்காலத்திற்கு ஒவ்வாது. எனினும் இருபது நாளில் அழியும் எழுத்தாகவும் பணியுரிமை இருத்தல் ஆகாது.