பெயரேட்டில் கருவேலம்

திண்டுக்கல் தோல்ஷாப்புகளில் குழியில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு மரம் என்பது அதன் பட்டைதான். முதலில் ஆவாரம்பட்டை, பிறகு வாட்டில்பட்டை. டி. செல்வராஜின் 'தோல்' நாவலைப் படித்தவர்களுக்கு அந்தக் குழிகள் தெரியும். வாட்டில் ஆஸ்திரேலிய மரம். பட்டைக்காகப் பழனிமலையில் வளர்க்கப்பட்டது. கீழே சமவெளியில் நம் கருவேலும் வெள்வேலும். மூன்றும் தாவரவியலில் 'அகேசியா' என்ற ஒரே பேரினமாக இருந்தவை. இன்று வாட்டில் மட்டும்தான் அகேசியா. மரம் இருக்கு, பேரு போச்சு. இதுல என்ன வந்துச்சு என்று கேட்கலாம். பொதுவானது என்று சொல்லப்படும் பெயரேட்டின் விதிகள் யார் கையில் என்பதுதான் கேள்வி.

ஒரே செடிக்கு ஊருக்கொரு லத்தீன் பெயர் என்று தாவரவியல் 19ஆம் நூற்றாண்டில் திணறியது. 1882இல் இறப்பதற்குச் சற்று முன் டார்வின் இதற்கென்று பணம் கொடுக்க முன்வந்தார். அதில் கியூ தோட்டத்தில் டேடன் ஜாக்சன் தொகுத்த 'இண்டெக்ஸ் கியூவென்சிஸ்' 1893-95இல் வெளிவந்தது: மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். 1999இல் கியூ, ஹார்வர்டு, ஆஸ்திரேலிய ஹெர்பேரியம் மூன்றும் தத்தம் பட்டியல்களை ஒரே கணினித் தரவுத்தளமாக இணைத்தன. எது சரியான பெயர் என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. யார் வைத்தது, எந்த ஆண்டு, எந்த நூல், அவ்வளவுதான். நில விவகாரத்தில் வில்லங்கச் சான்று மாதிரி. கருவேலத்துக்கு வில்லங்கம் போட்டால் 1753இல் லின்னேயஸ் வைத்த மிமோசா, 1813இல் அகேசியா, 2008இல் வாச்செல்லியா என்று வரும்.

கடைசி மாற்றத்துக்குக் காரணம் 2005 வியன்னா மாநாடு. பழைய அகேசியா ஒரே குடும்பக்கிளை அல்ல, உடைக்கத்தான் வேண்டும் என்பது அறிவியல். உடைத்தபின் பெயர் யாருக்கு? முன்னுரிமை விதிப்படி கருவேலத்தின் பக்கம் வரவேண்டியது. ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1000 இனங்கள், அவற்றின் பெயரை மாற்றுவது பெருந்தொல்லை என்று சிறப்புக் குழு அந்தப் பக்கம் பரிந்துரைத்தது. மாநாட்டில் 54.9 சதவீத வாக்குகள் எதிராக விழுந்தன. நிராகரிக்க 60 வேண்டுமாம். பெரும்பான்மை தோற்றது, 2011 மெல்போர்ன் மாநாடு அதை உறுதிசெய்தது. இந்த வாக்குகளும் தலைக்கு ஒன்று மட்டும் அல்ல, அதற்கு மேல் நிறுவனத்துக்கு ஒன்று முதல் ஏழு வரை. அறிவும் அதிகாரமும் பற்றிப் பேச இங்கே ஃபூக்கோவை இழுத்துவர வேண்டியதே இல்லை.

வாச்செல்லியா யார்? மக்காவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பாதிரியாராக இருந்த வாச்செல். அவர் பெயரில் 1834இல் இந்தப் பேரினத்தை அமைத்தவர்கள் கம்பெனி மருத்துவர் ராபர்ட் வைட்டும் ஆர்னாட்டும். அதே வைட் 1836இல் பழனிமலைக்கு வந்து செடி சேகரித்தார். வைட்டுக்குப் படம் வரைந்தவர்களில் கோவிந்து என்று ஒருவர். அவர் பெயரில் ஓர் ஆர்க்கிட் பேரினத்தை, கோவிந்தூயா, 1853இல் வைட் வைத்தார். பிற்பாடு அது ட்ரோபிடியாவுக்குள் கரைந்துவிட்டது. பாதிரி எழுந்தார், படக்காரர் அமிழ்ந்தார். இரண்டுமே விதிப்படி நடந்தவை. ஆனால் கோவிந்து என்று ஒருவர் இருந்ததற்கான தடயத்தை இன்றும் வைத்திருப்பது, செத்த பெயரையும் கழிக்காத அந்த ஏடுதான். அதனால்தான் அதை வேண்டாம் என்று என்னால் எளிதில் சொல்லமுடியவில்லை. 1999இல் திருச்சி கே.எம். மாத்யூ வெளியிட்ட பழனிமலைத் தாவர நூலில் கருவேலம் பழைய பெயரில்தான் இருக்கும். அதை இன்றைய பெயரோடு கோர்க்க இந்த ஏடு இல்லாமல் ஆகாது.

நம்மவர்கள் கருப்பு, வெள்ளை என்று பட்டையின் நிறம் பார்த்து வேல் இனங்களைப் பிரித்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்ததைச் சீமைக்கருவேலம் என்று, உறவும் சொல்லி அந்நியமும் சொல்லி உள்ளே விட்டார்கள். தாவரவியலில் புரோசோபிஸ் என்றிருந்த அது 2022இல் நெல்டுமா ஆகிவிட்டது. திண்டுக்கல் கரிமூட்டக்காரருக்கு இது இன்னும் சொல்லப்படவில்லை. அவர் வைத்திருக்கும் பெயருக்கோ அந்த ஏட்டில் கட்டமே கிடையாது.