படிக்கிணறு: தமிழகமும் கொங்கும்

நீர்மட்டம் வரை ஆட்கள் இறங்கிச் செல்லப் படிகள் அமைத்துக் கட்டிய கிணறு படிக்கிணறு. வறண்ட நிலத்தில் ஊற்று பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். நீர் எந்த மட்டத்தில் நின்றாலும் கைக்கு எட்ட வேண்டும் என்பதே இதன் நோக்கம். குஜராத்தின் பாடணில் 11ஆம் நூற்றாண்டில் அரசி உதயமதி எழுப்பிய ராணி கி வாவ் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

தமிழகத்தில்
திருச்சி மாவட்டம் திருவெள்ளறையில் மாற்பிடுகு பெருங்கிணறு உள்ளது. தந்திவர்மப் பல்லவன் காலத்தில், கி.பி. 800ஐ ஒட்டி, கம்பன் அரையன் வெட்டுவித்தது. ஸ்வஸ்திக வடிவம், நான்கு வாயில்கள். ஒவ்வொரு படிவரிசையும் மடங்கித் திரும்பி நீரை அடைவதால், ஒரு துறையில் இறங்குவோர் மறு துறையில் இருப்போர் கண்ணில் படுவதில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றில் நிலத்தடி மண்டபமே உண்டு. சித்ரா பௌர்ணமிக்கு நீரை இறைத்துவிட்டு, வரதராஜப் பெருமாள் அங்கே எழுந்தருளுவார்.

கொங்கில்
கொங்கு நாட்டில், மழை மறைவுப் பகுதியான திருப்பூர் வட்டாரத்தில் கிணறு வெட்டியவர்கள் குடியானவர்களும் கூலியாட்களும். மேல்மண் சரியாமல் கல் கட்டடம். அதன் கீழே பாறையை உடைத்து இறக்கிய சதுரக் குழி. சுவரில் ஒரு முனை பதித்து நீட்டிய கற்பலகைகளே படி. மேலே எருது பூட்டி நீர் இறைக்கும் கவலை: எருதுகள் சரிவில் இறங்க, வடம் சாலை (நீர் அள்ளும் கலத்தை) தூக்கும், வால்கயிறு இழுக்கும் தோல்வாய் வழியே தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவை மாவட்டத்தில் பரவிய கம்போடியா பருத்தி இந்தத் தோட்டத் தண்ணீரில்தான் விளைந்தது. பருத்தி அரவையும் பின்னர் பனியன் தொழிலும் அந்த விளைச்சலை ஒட்டி வளர்ந்தன.

சரிவும் பயனும்
1932இல் பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் வந்தபின் கவலையின் இடத்தை மோட்டார் பிடித்தது. பிறகு ஆழ்துளைக் கிணறுகள் பெருகி ஊற்று கீழே போனது. பனியன் தொழிலின் சாயக்கழிவு நொய்யல் ஆற்றங்கரைக் கிணறுகளை உப்பாக்கியது. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை முழுதும் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறை அதன்பின் உறுதிப்பட்டது.

வற்றிய தோட்டக் கிணற்றைக் குப்பை கொட்டி மூடுவது பெரும் இழப்பு. வண்டலை வடிகட்டி மழைநீரை உள்ளே விட்டால் அது நிலத்தடிக்கு நீர் ஊட்டும். நீர்மட்டத்தைக் கண்ணால் பார்க்கத் திறந்த கிணற்றில் முடியும், ஆழ்துளைக் குழாயில் முடியாது. எவ்வளவு எடுக்கிறோம் என்ற கணக்கை ஊர் அறிய, அந்தக் கிணறுகள் இருந்தாக வேண்டும்.